கேள்வித்தாளில் குடியேறியவர்கள்

எங்கள் எஸ்டேட் காப்பகத்துக்குக் காலை ஏழரை மணிக்கெல்லாம் பதினெட்டுக் குழந்தைகள் வந்துவிடும். எல்லாத் தலையிலும் மங்கி குல்லா. கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரியும். சின்னம்மை அக்கா அந்த மூக்கைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். நான் அங்கே பால் காய்ச்சி, கஞ்சி வைக்கிறவள். நாலு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் தப்பியதில்லை.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. முன்பு தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஒரு மழைக்காலத்தில் சரிவில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. அதனால்தான் காப்பகத்தில் தற்காலிகமாகப் போட்டார்கள். பிறகு வெல்ஃபேர் ஆபீசர் வந்து, பத்தாவது தேறியவர்தான் இனி இங்கே இருக்கலாம், இரண்டு வருடத்தில் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லாவிட்டால் அக்கா மறுபடி மலையேற வேண்டும், அந்தக் கையோடு.

ஒன்பதாவதோடு நின்றவள் தனித்தேர்வு எழுதினாள். நான்கு பாடங்கள் ஒரே மூச்சில் தேறின. இங்கிலீஷ் மட்டும் போயிற்று.

குழந்தைகள் தூங்கும் மதிய நேரத்தில் அடுப்படிப் பக்கம் வந்து உட்கார்ந்து படிப்பாள். நானும் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன். அவளை அலைக்கழித்தது 'ஹூ', 'விச்' என்ற இரண்டு வார்த்தைகள்தான். அவை வாக்கியத்தின் நடுவில் நிற்கும். யாரைச் சொல்கின்றன, எதைச் சொல்கின்றன என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

"நம்ம பேச்சுல 'பையைத் தொலைச்ச பையன்'னு சொல்றோம். சங்கதி முன்னாடி வருது, ஆளு கடைசியில வர்றான். இதுல ஆளு முன்னாடி போயிடறான் கண்ணு. சங்கதி பின்னாடியே ஓடுது," என்றாள் ஒரு நாள்.

நாலரை மணிக்குத் தாய்மார்கள் வாசலில் வந்து நின்றார்கள். குழந்தைகள் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தன. அக்கா புத்தகத்தை மூடாமலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதேதான்! இந்த ஹூவும் விச்சும் முன்னாடி போறவங்க முந்தானையைப் புடிச்சுட்டுப் போற புள்ளைங்க. யாரு முந்தானைன்னு பார்த்தாப் போதும்."

அந்த நேரம் பார்த்து ஷைனாவின் மகள், தன் அம்மா என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற இசக்கியம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஷைனா சிரித்துக்கொண்டே வந்து பிரித்தெடுத்தாள்.

"பக்கத்துல இருக்கறதே அம்மான்னு நெனைக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அக்கா புத்தகத்தைத் திருப்பினாள். குடை வைத்திருக்கும் மனிதர் ஒருவரைப் பற்றிய வாக்கியம். மனிதர், குடை, அப்புறம் 'ஹூ', அதற்குப் பின்னால் பஸ் ஓட்டும் சங்கதி. ஹூவுக்குப் பக்கத்தில் நிற்பது குடை.

"குடை பஸ் ஓட்டுமா கண்ணு?" என்றாள். இருவரும் குழந்தைகள் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்தோம். பக்கத்தில் நிற்பதை முதலில் பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் இன்னும் ஓர் அடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அது எனக்கே புரிந்தது.

அதனால் இரண்டாம் தடவை தேறிவிடுவாள் என்றே நினைத்தேன். முப்பத்தொன்று வந்தது. நான்கு மார்க் குறைவு.

"தெரியாமப் போகல. நேரம் போயிடுச்சு," என்றாள். "கேள்வித்தாள் கதையில ஒரு பையன் அழுதுட்டு நிக்கிறான். எந்த ஊட்டுப் பையன், எதுக்கு அழறான்னு ஒண்ணும் போடல. என்னால அவனை உட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போக முடியல."

எனக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. காப்பகத்தில் ஒரு குழந்தை அழுதால் காரணம் தெரியும்வரை அவள் சாப்பிட உட்காரமாட்டாள். அதற்காகத்தானே தாய்மார்கள் நம்பி விட்டுப் போகிறார்கள்? அதே குணம் பரீட்சையில் அவளைத் தோற்கடித்துவிட்டது.

பிப்ரவரியில் வெல்ஃபேர் ஆபீசரோடு அருவங்காட்டிலிருந்து மனிஷா என்ற பெண் வந்து காப்பகத்தைப் பார்த்தாள். பட்டம் படித்தவள்; அக்கா தேறாவிட்டால் அந்த இடத்துக்கு. நல்ல பெண்தான். தொட்டில்களை எண்ணினாள், பால் எங்கே வைப்பீர்கள் என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் போன பிறகு அக்கா துவைத்து வைத்திருந்த துணிகளை மறுபடி எடுத்துத் துவைத்தாள்.

ஏப்ரலில் பரீட்சை, கெடுவுக்குள் அதுதான் கடைசி. அதற்கு மூன்று வாரம் முன்பு, எங்களுக்கு விறகு கொண்டுவரும் ஆறுமுகசாமி அண்ணன் வழக்கம்போல வம்புக்கு வந்தார்.

"ஏம்மா, பேரன் எடுக்கற வயசுல பத்தாவது! பாஸானா மிட்டாயா, சத்துமாவு உருண்டையா?"

"மெல்லப் பேசுங்கண்ணா, புள்ளைங்க தூங்குது."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இந்தப் பாடத்துல ஒரு விஞ்ஞானி. மலை மேல தனியா இருக்காரு. யாருன்னு போடல."

அண்ணன் விறகை இறக்கி வைத்தார். "தெரியலைன்னா என்னைய வெச்சுக்கோ. நானும் மலை மேல தனியாத்தான் கெடக்கேன்."

கேலியாகத்தான் சொன்னார். அக்கா அவரையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். மளமளவென்று கீழே இருந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதினாள்.

அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தில் குடியேறினார்கள். தொலைந்த பையைத் தேடியவன் சங்கிலியின் மகன். ராணியாக இருந்தவள் இசக்கியம்மாள். கழுத்தில் ஒரு மாலையும் போட்டுக்கொண்டாளாம். எனக்கும் ஒரு நாள் நர்ஸ் வேலை கிடைத்தது. யாரென்று தெரிந்துவிட்டால் அக்காவின் பேனா நிற்பதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

குன்னூரில் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். நேரம் மீதி இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

மே மாதம் நாற்பத்தாறு மார்க் வந்தது. ஷைனாதான் போனில் பார்த்துச் சொன்னாள். சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்ட வெல்ஃபேர் ஆபீசர், பெயரை நிரந்தரப் பட்டியலில் எழுதச் சொன்னார்.

மறுநாள் ஆறுமுகசாமி அண்ணன் விறகோடு வந்தார். அக்கா சத்துமாவு உருண்டை ஒன்றை அவர் கையில் வைத்தாள். அக்காவே ஷைனாவிடம் சொல்லிச் சிரித்ததில், புத்தகத்தில் ஆட்கள் குடியேறிய விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது.

"கேள்வித்தாள்ல நானு விஞ்ஞானியா இருந்தேனா?"

"இல்லீங்கண்ணா. இந்தத் தடவை கப்பல்காரரு. புயல்ல கப்பல் முழுகிப் போச்சு."

அண்ணன் கடித்த உருண்டையை மெல்லாமல் நிறுத்தினார். "அய்யய்யோ. நான் பொழச்சனா?"

"கேள்வியே அதுதானுங்களே, பொழச்சுக் கரையேறினது யாருன்னு. உங்களைத்தான் எழுதினேன்."

அவர் மிச்ச உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் தூங்கும் குழந்தைகளை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.