எல்லாவற்றுக்கும் அட்ஜஸ்ட்

வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் உப்புக்கு அடுத்தபடி அதிகம் செலவானது 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தைதான். பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த அப்பா, மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஒரு திருகைத் திருகுவார். அதற்குப் பெயர் அட்ஜஸ்ட். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக என்னைச் செருகினால் அதுவும் அட்ஜஸ்ட். விருந்தாளி வந்து குழம்பில் தண்ணீர் ஊற்றினாலும் அதே. திருகுவதா, நகர்வதா, ஊற்றுவதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டேன். பேசாமல் உட்காரச் சொன்னார். அதுவும் ஒரு அர்த்தம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். கன்னம் வீங்கியிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டாளாம். விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தானே போவார்கள், இவள் ஏன் இங்கே வந்தாள் என்று குழம்பினேன். சித்தப்பா தினமும் அப்பாவுக்குப் போன் செய்தார். சித்தி அட்ஜஸ்ட் பண்ணிப் போக வேண்டும் என்றார் அப்பா. வீட்டுக்காரம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆம்பளைங்கன்னா அப்படித்தான் கண்ணு. நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்" என்றார். சித்தியிடம் திருகுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் சித்தியின் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை சித்தியை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவதாக முடிவானது. அவள் போவது எனக்குத் துக்கமாக இருந்தது. அம்மாவும் நானும் கூடப் போனோம். பஸ் ஸ்டாப் வந்தது. அம்மா நிற்காமல் நடந்தாள். அவள் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனி வாசலில் போய்த்தான் நின்றாள். ஆள் தேவையில்லை என்று சூப்பர்வைசர் கையை விரித்தார்.

"என் தங்கச்சிங்கண்ணா. இனிமே எங்கூடத்தான் இருப்பா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிச் சேத்துக்கோங்க."

அவர் சித்தியின் கன்னத்தைப் பார்த்தார். உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

சித்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் போய்விட்டதே என்றுதான் அழுகிறார்கள் என்று நினைத்து, சாயங்காலமும் ஒரு பஸ் இருக்கிறது என்று சித்திக்கு ஆறுதல் சொன்னேன்.