கல்யாணப் படத்தில் என் மகள்

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில் நடந்தது இது. இளம் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சட்ட அமைப்பு அது. குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக வழக்காடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கிள்ளானிலிருந்து ரயிலேறி என் மகளோடு போயிருந்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் லோரி ஓட்டுகிறவன், இந்த நாட்டுக் குடிமகன். என் மனைவி இந்தோனேசியாவில் மேடானைச் சேர்ந்த தமிழ்ப் பெண். கிள்ளானில் ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். ஊரே வந்து அட்சதை போட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எனக்கு ஒரு திமிர். அரசாங்கத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் அவளுடைய பத்திரங்கள் வரவில்லை, பிறகு ஆடி மாதம் வேண்டாம் என்றார்கள், பிறகு எனக்கு வேலை. கடைசியில் மகள் பிறந்து மூன்று வாரம் கழித்துத்தான் போய்ப் பதிவு செய்தோம். அந்த மூன்று வாரம்தான் வினையாகிப் போனது. பிறந்த அன்று பெற்றோர் சட்டப்படி கணவன் மனைவி இல்லை, ஆகவே பிள்ளைக்குத் தகப்பன் வழியில் குடியுரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு வயதில் அவள் வகுப்பில் எல்லாரும் ஐசி, அதாவது குடிமக்கள் அடையாள அட்டை, எடுத்தார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். "ஆபீஸ்ல டைப் பண்ணவன் தப்பு பண்ணிட்டான்மா, சரி பண்ணிடலாம்" என்றேன். ஐந்து வருடம் அதே பொய்யை விதவிதமாகச் சொன்னேன். பள்ளி முடித்து தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போனபோது, ஐசி இல்லாவிட்டால் விண்ணப்பப் பாரமே கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த அலுவலகத்தில் எங்களோடு உட்கார்ந்தது ஒரு தமிழ்ப் பெண் வழக்கறிஞர். முப்பது வயதுகூட இருக்காது. நான் கையோடு ஒரு கடிதம் கொண்டுபோயிருந்தேன். 'பணிவுடன் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று தெரிந்தவர் ஒருவர் எழுதிக்கொடுத்தது. அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"அங்கிள், இவ்ளோ கெஞ்ச வேண்டாம். சட்டத்த ரெண்டு மாதிரி படிக்கலாம். யார வெளிய நிறுத்தலாம்னு பாத்துப் படிக்கலாம். யார காப்பாத்தறதுக்கு எழுதினாங்கன்னும் படிக்கலாம். நாங்க ரெண்டாவது மாதிரி படிக்கிறவங்க. கோர்ட் ஒத்துக்குமான்னு கேட்டா, கேரண்டி கிடையாது."

பிறகு அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை என் பக்கம் தள்ளாமல் என் மகள் பக்கம் தள்ளினார். குடியுரிமைப் பகுதியை அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, இது நமக்கு ஒத்துவருமா, அது ஒத்துவராதா என்று கேட்கக் கேட்க, எனக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நீதிமன்றத்துக்கு நான் கொடுக்க வேண்டிய சத்தியப் பத்திரம் தயாராக இருந்தது. தொலைபேசியில் நான் சொன்னதை வைத்து அவர்களே எழுதியது. கல்யாண நாள், மகள் பிறந்த நாள், பதிவு செய்த நாள் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. கையெழுத்துக்கு முன்னால் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டுவது அவர்கள் வழக்கமாம். "பிள்ள கொஞ்ச நேரம் கீழ பூக்கடையில நிக்கட்டுமே" என்றேன்.

"முடியாது அங்கிள். இது அவங்க கேஸ். அவங்க இல்லாம நாங்க வாசிக்க மாட்டோம்."

எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் இருக்குமே! "என் பிள்ளைக்கு எத சொல்லணும், எத சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் மகள்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உக்காருங்க. எதுவா இருந்தாலும் நீங்களே சொல்லுங்க."

உட்கார்ந்தேன். யாரும் தப்பாக டைப் பண்ணவில்லை, பதிவு செய்யாமல் விட்டது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மேஜையைப் பார்த்துத்தான் சொன்னேன். பத்திரத்தோடு இணைப்பதற்காக நான் கொடுத்திருந்த, பதிவு செய்த அன்று எடுத்த படத்தை அவள் கையில் எடுத்தாள். அதை வீட்டில் பூட்டி வைத்திருந்ததால் ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா மடியில இருக்கிற பாப்பா நானா?"

தலையை ஆட்டினேன்.

"எல்லாரும் அப்பா அம்மா கல்யாணப் படத்துல நான் ஏன் இல்லன்னு கேட்டு அழுவாங்க. நான் இருக்கேன் லா!" என்று சிரித்தாள். வழக்கறிஞர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தாள்களை அடுக்க ஆரம்பித்தார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். இத்தனை பெரிய லோரி ஓட்டுகிறவன், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அப்படி அழுதேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அவள் என்னோடு பேசவே இல்லை. ஷா ஆலாம் ஸ்டேஷன் தாண்டித்தான் வாயைத் திறந்தாள். "ரெஜிஸ்தர் பண்ணாதது பரவால்லப்பா. பொய் சொன்னீங்க பாருங்க, அதான் கஷ்டமா இருக்கு." பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

முதல் வழக்கில் தோற்றோம். வெளியே வந்ததும் அந்த வழக்கறிஞர் என்னை விட்டுவிட்டு என் மகளிடம் போய், "ஸாரிம்மா, மேல்முறையீடு போடலாமா? நீங்க சொல்லுங்க" என்று அவளைக் கேட்டார். போடுங்கள் என்றாள். அது விசாரணைக்கு வரும் முன்னரே, அவளுக்குக் குடியுரிமை கொடுப்பதாக அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டது. ஐசி கையில் வாங்கும்போது அவளுக்கு இருபது வயது. இப்போது தாதியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையிடம், "தம்பி, ரெஜிஸ்தர் பண்ணியாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "அண்ணே, முதல்ல சாப்பிட விடுங்கண்ணே" என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். என் மகள் என்னை எப்போதோ மன்னித்துவிட்டாள். என் சோம்பலால் ஒரு பிள்ளை இருபது வருடம் தன் சொந்த ஊரிலேயே வெளியாளாக நின்றதை நான்தான் இன்னும் மன்னிக்க முடியாமல், ஒவ்வொரு மாப்பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.