அத்தான் திருத்திய கையெழுத்து

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்த காலத்தில் என்னிடம் ஒரு கையெழுத்து ஆல்பம் இருந்தது. மிஷன் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் வாங்கியது. நாடகக்காரர்கள், பாடகர்கள், பிரசங்கிகள் என்று இந்தியாவிலிருந்து யார் கப்பலேறி வந்தாலும், கூட்டத்தில் முண்டியடித்துப் போய் ஆல்பத்தை நீட்டிவிடுவேன்.

அதில் எனக்கு உயிரான பக்கம் ஒரு நடிகையுடையது. அவள் முதல்முறை மலாயாவுக்கு வந்தபோது அவளை யாருக்கும் தெரியாது. மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன்.

"எனக்கு எழுதப் படிக்க வராதுக்கா. பேரு மட்டும் இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கேன்" என்று கூச்சப்பட்டாள்.

பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக எழுதினாள். வரி மேல்நோக்கி ஏறிப் போனது. 'ள' வரவேண்டிய இடத்தில் 'ல' போட்டிருந்தாள். சில வருடங்களில் அவள் குரல் கேட்காத கிராமபோன் இல்லை என்றானது. அவளுடைய முதல் கையெழுத்தே என்னிடம் இருப்பதுதானோ என்று பள்ளியில் மற்ற டீச்சர்கள் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

ஆனால் இந்த ஊர் ஈரத்தில் ஒரு காகிதத்தைக் காப்பாற்றுவது என்ன பாடு! டிரங்குப் பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் பூத்தது. வேப்பிலை போட்டேன், அது அழுகிப் பக்கத்தில் கறையானது. ஒருநாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது, அம்மா ஆல்பத்தை விரித்து, சமையலறைத் தகரக் கூரையில் மிளகாயோடு காய வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் நீல மை வெளுத்துத் தேத்தண்ணி நிறமாகியிருந்தது.

"அந்தப் பூஞ்சண நாத்தம் போயிடுச்சு பாரு" என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்ததைக் கிள்ளானிலிருந்த அக்காவிடம் அம்மா சொல்லியிருக்கிறார். அக்காவின் கணவர் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுபவர். கிள்ளானில் பாதித் தமிழ்க் கடைகளின் பெயர் அவர் கையால் ஆனதுதான். ஒரு ஞாயிறு நான் கோயில் ஆராதனையில் இருந்த நேரம் வந்து, அம்மாவிடம் கேட்டு ஆல்பத்தை வாங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் அக்காவோடு வந்து, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"பிரிச்சுப் பாரும்மா. இனி எந்த வெயிலுக்கும் போகாது."

எல்லாக் கையெழுத்துகளும் புது மையில் கன்னங்கரேலென்று மின்னின. நடிகையின் பக்கத்தைத் திருப்பினேன். பழைய எழுத்தை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அளவுகோல் வைத்தாற்போல் நேராக எழுதியிருந்தார். 'ல' இருந்த இடத்தில் அழகான 'ள'.

"அந்தப் பொண்ணு பேரையே தப்பா எழுதியிருந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன்."

"அத்தான், அது அவங்க கையால எழுதினது."

"நானும் அதே பேரைத்தானே எழுதியிருக்கேன்? இப்ப நல்லாத் தெரியுதுல்ல?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கழுத்து வலியோட உக்காந்து எழுதினாரு. ஒரு வார்த்தை நல்லதா சொல்லேன்."

நல்லா இருக்கு என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

அந்த நடிகை மறுபடி கோலாலம்பூருக்கு வந்தாள். இப்போது மோட்டார் காரும் மாலையுமாக. வரிசையில் நின்று ஆல்பத்தை அவள் முன் திறந்து வைத்தேன்.

"இது என் கையெழுத்து இல்லையே" என்றாள்.

"நீங்க மொதத் தடவ வந்தப்ப, மேடைக்குப் பின்னால போட்டுக் குடுத்தது."

"அப்ப எனக்கு 'ள' போடவே தெரியாதுங்க. யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்க."

அத்தான் திருத்திய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். அவள் ஆல்பத்தை இழுத்து, அடுத்த பக்கத்தில் ஒரே சுழியாகச் சுழித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கை நீட்டினாள். அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை.

அத்தானுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, ஒண்ணுக்கு ரெண்டாச்சு."

இப்போதும் ஆல்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சுழியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். முந்தின பக்கத்தைக் காட்டினால், "முத்து முத்தா இருக்கு, யார் எழுதினது?" என்கிறார்கள். நான் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்குவேன். பாதி சொல்வதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.