கட்டுகஸ்தோட்டைக்கு அரைநாள் வந்துபோன ஊஞ்சல்

சமுதாய அபிவிருத்தி மானியத்தில் எங்கள் கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு சிறுவர் பூங்கா கிடைத்திருக்கிறது. இன்று காலை திறப்பு விழா.

ஆறு வயது மகள் தர்ஷியைக் கூட்டிக்கொண்டு போனேன். பளபளவென்று ஒரு சிவப்பு ஊஞ்சல் இருந்தது. அதில் முதலில் ஆடியவர் பிரதம அதிதி. கழுத்தில் பொன்னாடையோடு, கமெராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடினார்.

"பேச்சு முடியும்வரை பிள்ளைகள் பொறுமையாக இருக்கவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பேச்சு மூன்று மொழியிலும் நீண்டது. தர்ஷி பொறுமையாகத்தான் இருந்தாள்.

அதிதிகள் சிற்றுண்டிக்குப் போனதும் ஊஞ்சலுக்கு ஓடினாள். அங்கே இரண்டு பேர் ஸ்பானரோடு வந்து நின்றார்கள். பக்கத்தில் ஒரு லொறி.

"என்னண்ணே, இப்பதானே தொறந்தாங்க. அதுக்குள்ள கழட்டப் போறீங்களா?"

"நாளைக்குக் கலகெதரயில தொறப்பு விழா இருக்கு தங்கச்சி. அங்கயும் ஒரு ஊஞ்சல் வேணுமே."

"அப்ப எங்களுக்கு?"

அந்த அண்ணன் வாசலில் நட்டிருந்த, அதிதியின் பெயர் பொறித்த திறப்பு விழாக் கல்லைக் காட்டினார். "அதை எடுக்கச் சொல்லல. அது இங்கயேதான் இருக்கும்."

தர்ஷியின் உதடு துடித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் தூக்கி ஊஞ்சலில் உட்கார வைத்தேன்.

"புள்ளைங்க எல்லாம் ஆடி முடிக்கட்டும். அதுவரைக்கும் கைவைக்காதீங்க."

பின்னால் வரிசை சேர்ந்தது. அந்த அண்ணனும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஆட்டிவிட ஆரம்பித்தார். மதியம் தாண்டித்தான் லொறி கிளம்பியது.

கலகெதர நண்பர்களே, நாளை பேச்சு தொடங்கும் முன்பே பிள்ளைகளை ஊஞ்சலில் ஏற்றிவிடுங்கள். அபிவிருத்தி அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.