பத்து மணிக்கே போட்ட டிக்

அந்தத் தாளைப் பார்த்தபோதே நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? எட்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் நர்ஸ். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ஒன்றேகால் வயது மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காத அன்று சாலையெல்லாம் பண்டிகை நெரிசல். பெருங்களத்தூரைத் தாண்டி என் மருத்துவமனைக்குப் போக முடியாது என்று, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொன்றில் சேர்த்தோம். இடது கையில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். கை அசையாமலிருக்க அட்டை வைத்து, விரல் நுனி மட்டும் தெரியும்படி கட்டியிருந்தார்கள்.

குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஓடும்போது மணிக்கொரு முறை ஊசி போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும், தொட்டு மறு கையோடு ஒப்பிட வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே சதைக்குள் கசிந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க அதுதான் வழி. ஆய்வுகளைக் காட்டி எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். "வழக்கம்னு சொல்லாதீங்க. ஏன் செய்யறோம்னு சொல்லுங்க" என்று வகுப்பெடுத்தவர் கேட்டபோது சரியாகப் பதில் சொன்னவள் நான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கட்டிலில் தொங்கிய சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். இனிமேல் வரவேண்டிய பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு வரை எல்லா மணிக் கட்டத்திலும் பார்த்தாயிற்று என்று டிக் இருந்தது.

நானே போட்டது போலிருந்தது. பதினான்கு நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸ் என்றால் நாங்களும் ஷிஃப்ட் தொடங்கும்போதே போட்டுவிடுவோம்.

பதினொன்றரைக்கு மகள் வீறிட்டாள். ஓடி வந்த நர்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

"கட்ட அவுத்து ஒரு தடவ பாக்கலாமா சிஸ்டர்?"

"அவுத்தா லைன் போயிடும்க்கா. அப்புறம் நாலு எடத்துல குத்தணும். கை கட்டியிருக்குல்ல, அந்தக் கோவம் பாப்பாவுக்கு."

நானும் பல அம்மாக்களிடம் இதையே சொல்லியிருக்கிறேன். மகளைத் தோளில் போட்டுத் தட்டினேன். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்தவர் கட்டைப் பிரித்தார். முழங்கைவரை வீங்கி, தோல் வெளுத்துக் கொப்புளித்திருந்தது. "எப்பலேர்ந்து இப்படி?" என்று தாளைப் பார்த்தார். தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

தோல் கறுத்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. பிஸ்கட் கொடுத்தால் வலது கையை மட்டுமே நீட்டுகிறாள்.

கணவர் அந்தக் காலை ஷிஃப்ட் நர்ஸ்மேல் புகார் எழுதி வைத்திருக்கிறார். "நீ நர்ஸ். நீ கையெழுத்துப் போட்டாதான் எடுபடும். இன்னும் என்ன யோசிக்கிற?" என்கிறார். நானும் அப்படி டிக் போட்டவள் என்பது அவருக்குத் தெரியாது.

போன மாதம் வேலைக்குத் திரும்பினேன். இப்போது ஒவ்வொரு கையையும் பார்த்த பிறகே டிக் போடுகிறேன். வேலை தேங்குகிறது. "இன்ஸ்பெக்டர் அம்மா வந்துட்டாங்க" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும். போடாவிட்டால் அங்கே இன்னொரு குழந்தைக்கும் இது நடக்கலாம். என் பழைய தாள்களைப் பற்றியும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டுமா? இதைப் படிப்பவர்களில் நர்ஸ்கள் இருந்தால், குழந்தையோடு வார்டில் உட்கார்ந்த அம்மாக்கள் இருந்தால், என்ன செய்வது என்று எனக்குச் சொல்லுங்கள்.