பத்தொன்பது ‘இல்லை’

நம்மவர்கள் மத்தியில் எனக்குப் பெயர் ‘ஃபாரம் மாமா’. இந்த நாட்டுக்கு லிஃப்ட் மெக்கானிக்காக வந்து, முப்பத்து நாலு வருஷம் மேலேயும் கீழேயும் போய்வந்து ஓய்வு பெற்றவன் நான். அது யாருக்கும் ஞாபகமில்லை. விசா புதுப்பிக்கவோ பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ வேண்டுமென்றால் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து என் வீட்டு மணியை அடிப்பார்கள். நானும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மந்திரி கோப்பு பார்க்கிற தோரணையில் உட்காருவேன். முடிவில் அறிவுரை இலவசம். “மத்ததுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். ஆஸ்பத்திரி ஃபாரத்துல மட்டும் பொய் எழுதாதீங்க.”

அறிவுரையெல்லாம் ஊராருக்கு.

ஓய்வு பெற்ற அன்றே கம்பெனி கொடுத்திருந்த மருத்துவ இன்சூரன்ஸும் போயிற்று. எனக்கும் மனைவிக்கும் சேர்த்துச் சொந்தமாக ஒன்று எடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் தங்கும் அனுமதி இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். மகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்த தெருவில் இருக்கும்போது எங்கே போவது? அந்த ஃபாரத்தில் என் உடம்பைப் பற்றிப் பத்தொன்பது கேள்விகள். எனக்கு அப்போதே ஏழெட்டு வருஷமாகப் பிரஷர். லீவில் ஊருக்குப் போனபோது கண்டுபிடித்தது என்பதால் இங்கே எந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. அறுபது தாண்டியவன் ஒரு ‘ஆம்’ போட்டாலே கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பேச்சு. ஃபாரம் மாமா பத்தொன்பது இடத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்தார்.

மாத்திரை, ஊருக்குப் போய்த் திரும்புகிற யாருடைய பெட்டியிலாவது வரும். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்வேன். வருஷா வருஷம் இன்சூரன்ஸ்காரர்கள் செய்யும் பரிசோதனையில் பிரஷர் அழகாக இருக்கும். “இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி இருக்கு” என்று டாக்டர் ஒருமுறை சொன்னதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. ரகசியம் என்ன என்று கேட்பவர்களிடம், “தினம் காலைல ஒரு வைட்டமின், அவ்வளவுதான்” என்பேன். மனைவியும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் டப்பாவைத் தொடாமலிருக்க ஒரு பொய்யைக் கூடுதலாகப் போட்டு வைத்தேன். “இது ஆம்பளைங்களுக்கானது.”

இந்த வருஷம் டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாயிற்று. கடைசியாக ஊரிலிருந்து மாத்திரை கொண்டுவந்த ஒரு டிரைவர்தான் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று அவரை மனசுக்குள் கண்டபடி திட்டினேன்.

ஒருநாள் காலை மனைவி குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். தானாகவே சரியாயிற்று. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மறுபடி விழுந்தாள். இந்த முறை நாடித் துடிப்பு நாற்பதுக்குக் கீழே. காரணம் தெரியவில்லை, நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டியிருக்கும், நாளைக் காலையில் செய்துவிடலாம் என்றார் டாக்டர். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். “எதுவும் இல்ல” என்று நான் முந்திக்கொண்டேன். அவளும் இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள். “ஏங்க, திட்டாதீங்க. உங்க வைட்டமின்ல தினம் ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டேன், ரெண்டு மாசமா.”

“அது ஆம்பளைங்களுதுன்னு சொன்னேன்ல?”

“ஆம்பளைக்கு மட்டும்தான் தெம்பு வேணுமா? பேரனைத் தூக்க முடியலங்க எனக்கு.”

அந்த மாத்திரையின் வேலையே பிரஷரையும் துடிப்பையும் இறக்குவதுதான். இறக்குவதற்கு எதுவும் இல்லாத உடம்பில் அது இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நான் அவ்வளவு நல்லவனில்லை. வாயை மூடிக்கொண்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னால் பத்தொன்பது ‘இல்லை’யும் பொய்யாகும், இன்சூரன்ஸ் போகும், இந்த ஊரே போகும். மாத்திரையை நிறுத்தினால் போன முறை மாதிரி தானாகச் சரியாகிவிடுவாள். கருவி வேண்டாமென்று டாக்டரிடம் சண்டை போட்டுக் கூட்டிப் போய்விடலாம். என் புத்தி இப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது கட்டிலுக்கு மேலிருந்த திரையில் முப்பத்தெட்டு முப்பத்தாறு ஆயிற்று. பிறகு முப்பத்தைந்து. வாழ்க்கை முழுக்க லிஃப்ட் பார்த்தவனுக்கு, நிற்காமல் இறங்குகிற எண் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

அப்போது நம் பாஷை பேசுகிற நர்ஸ் கருவிக்கான ஃபாரத்தோடு வந்தாள். அவள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய காகிதங்களைப் பூர்த்தி செய்து கொடுத்ததே நான்தான்.

“உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா மாமா? நீங்களே எழுதிடுங்க.” சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினாள்.

மூன்றாவது கேள்வி, நோயாளி ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்பது. ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். கோணலாக விழுந்தது, பழக்கமில்லை. மாத்திரையின் பெயரை எழுதினேன். யாருடைய மாத்திரை என்றும் எழுதினேன்.

நர்ஸ் படித்தாள். சிரிப்பு போய்விட்டது. “இதுக்கு மாத்து மருந்து இருக்கு மாமா. முதல்லயே சொல்லியிருக்கலாமே!” என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நெஞ்சைக் கிழிக்கவில்லை. மறுநாள் மாலை அவள் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொன்னபோது நான் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரி ஃபாரம் பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயிற்று. பத்தே நாளில் இன்சூரன்ஸ் ரத்து என்று கடிதம் வந்தது. மகள் வேறு ஒரு கம்பெனியின் ஃபாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினேன். மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பிரஷர்?” என்றாள்.

“ஆம்.”

“எத்தனை வருஷமா?”

“பதினொண்ணு.”

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லல, சரி. எனக்கு ஏன் சொல்லல?”

அவளைக் கவலைப்படுத்த வேண்டாமென்று, என்று ஆரம்பித்தேன். அதுவும் பொய் என்பதால் நிறுத்திக்கொண்டேன். “என் வீட்டுக்காரருக்கு ஒரு நோயும் இல்லைன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லுவியே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

“நல்லா பிடிச்சுது போங்க!” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

இருபத்திரண்டு கேள்விகள். பிரஷர், மாத்திரை, ரத்தான பழைய இன்சூரன்ஸ் என்று எனக்கு ஆறு ‘ஆம்’ விழுந்தது. எத்தனையோ வருஷமாக ஃபாரம் நிரப்புகிறேன், என் பெயரில் உண்மையை மட்டும் எழுதிப் போட்டது இதுதான் முதல் தடவை. அதனால்தான் பயமாக இருக்கிறது. தங்கும் அனுமதி முடிய இன்னும் நாலு மாதம், பதில் வரவில்லை.

“கிடைக்கலன்னா கிளம்பணுமே” என்றேன் நேற்று.

“கிளம்பினா ரெண்டு பேரா கிளம்புவோம்” என்றாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க அந்த டிக்க அடிக்கலன்னா, ஒத்தையா கிளம்பியிருப்பீங்க.”

பிறகு அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் விழுங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.