இடுப்பில் கட்டிய டியூப்

பெசன்ட் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாலையையே அடைத்துவிடுகிறார்கள். கார் கிடையாது, பஸ் கிடையாது, சைக்கிள் மட்டும்தான். என் மகள் அங்கே ஓரமாக வண்டி போட்டுக் கம்பங்கூழ் விற்கிறாள். பெருங்குடியிலிருந்து நானும் கூடப் போவேன், வெங்காயம் உரித்துக் கொடுக்க. புது ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். வெங்காயம் உரிக்கிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

போன வாரம் ஒருவர் தன் மகளை முன்னால் உட்காரவைத்து சைக்கிளில் வந்தார். கடலில் குளிக்கப் போகிறார்கள்போல. குழந்தையின் இடுப்பில் மஞ்சளாக ஒரு ரப்பர் வளையம், வாத்துத் தலை வைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் கையிலிருந்த கத்தி நழுவிக் கீழே விழுந்தது. அடுத்து என்ன செய்தேன் என்று மகள் சொல்லித்தான் தெரியும். ஓடிப்போய் அந்த வளையத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேனாம். உள்ளே காற்றுதான் இருந்தது.

"என்ன பாட்டி, என்ன ஆச்சு?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

"யம்மா, வுடும்மா அத்த! கூழ் குடிக்க வர்றவங்கள இப்டித்தான் பிராண்டுவியா?" என்று மகள் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவளிடம் இந்தக் கதையை நான் சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அடையாற்றங்கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் குடிசை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சக்கரத்தின் நடுவில் கலர் கலராகக் குஞ்சம் கட்டி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பார். அந்த எண்ணெய் என் தலைக்குக் கிடைத்திருந்தால் நான் இன்னும் அழகாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டை மடித்து சைக்கிள் பாரில் போட்டு என்னை உட்காரவைத்து, ஆற்றைத் தாண்டி வேளச்சேரிப் பக்கம் கூட்டிப்போவார். இப்போது அங்கே ரோட்டைக் கடக்க ஒரு சாமியை வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்த ரோடு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் போட்டதுபோல இருக்கும். இரண்டு பக்கமும் வயல், அதற்கப்புறம் ஏரித்தண்ணீர், அதற்கப்புறம் பனை. எதிரே யாருமே வரமாட்டார்கள். ஆனாலும் மணியை அடிக்கச் சொல்லி மாமா என்னிடம் விட்டுவிடுவார். நான் கொக்குகளுக்காக அடிப்பேன்.

கிளம்பும் முன்னால் அம்மா எனக்குப் பூ வைத்துவிடுவாள். மற்ற நாளில் தலை வாரிவிடக்கூட நேரமில்லாதவள், அந்த ஒரு நாள் மட்டும் கொத்துக் கொத்தாக மரிக்கொழுந்து வாங்கி, ஜடை முழுக்கச் சுற்றி, பாவாடை நாடாவிலும் செருகிவிடுவாள். தெருவே மணக்கும். கொடுத்துவைத்த பிள்ளை என்று பக்கத்துக் குடிசைப் பெண்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு பயம், ஆறு. பக்கத்துக் குடிசைப் பையன் ஒருவன் அதில்தான் முழுகிப் போனான். திரும்பி வருகிற வழி ஆற்றை ஒட்டியே வரும். சைக்கிள் சரிந்தால் நேரே தண்ணீர்தான். அதை மாமாவிடம் சொன்னேன்.

அடுத்த வாரமே அதற்கு அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். அம்மா எனக்குப் பூ வைக்க ஆரம்பித்ததும் அந்த வாரத்திலிருந்துதான். பனந்தோப்புக்குப் போனதும் என் கையில் நுங்கைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் புதருக்குள் போனார். வரும்போது கையில் சைக்கிள் டியூப். வெட்டி, நுனி இரண்டையும் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. என் பாவாடைக்குள்ளே இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். சில்லென்று இருந்தது. நடந்தால் உள்ளே தளும்பியது.

"இப்ப ஆத்துல வுழுந்தாலும் மெதப்ப. பசங்க லாரி டியூப்ல மெதக்குறத பாத்துக்கீற இல்ல?"

"அதுல காத்து இருக்கும் மாமா. இதுல தண்ணி கீது."

"காத்து அடிச்சா வெயில்ல வெடிச்சிரும் கண்ணு. தண்ணி எங்கயாவது தண்ணியில முழுகுமா?"

எனக்கு அது சரியாகவே பட்டது. போகும்போது ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். போகும்போது கையில் தெம்பு இருக்குமாம், திரும்பும்போதுதான் ஓய்ந்துபோகுமாம். யாரிடமும் காட்டக்கூடாது, காட்டினால் கண் பட்டுவிடும் என்றும் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கட்டினார். ஆற்றோரம் வரும்போது நான் பயப்படுவதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும்போது, பாலத்துக்கு முந்தின வளைவில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். மாமா சட்டென்று பிரேக் போட்டு என்னைத் தூக்கிக் கீழே விட்டார்.

"நீ நடந்து போ கண்ணு. நான் சுத்திக்கினு வந்துர்றேன்."

சைக்கிளைத் திருப்பியவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலியான ரோட்டில் ஒருவர் எவ்வளவு வேகமாக மறைந்துபோக முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏ பாப்பா, இங்க வா" என்று போலீஸ்காரர் கூப்பிட்டார்.

பாலத்தில் ஏற வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். டியூப்பைப் பார்த்துவிடுவாரே என்று பயம். அக்கரையில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தண்ணீர் குறைந்திருக்கும்போது பெரியவர்கள் அந்த இடத்தில் ஆற்றில் இறங்கியே கடப்பார்கள். எனக்கென்ன, இடுப்பில்தான் டியூப் இருக்கிறதே. இறங்கினேன்.

முழங்கால் வரை சேறு. அப்புறம் இடுப்பு வரை தண்ணீர். அப்புறம் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. டியூப் என்னைத் தூக்கவில்லை. மூக்கில், வாயில் எல்லாம் தண்ணீர் ஏறியது. அப்போதுகூட மாமாமேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இன்றைக்குச் சரியாகக் கட்டவில்லைபோல என்றுதான் நினைத்தேன்.

பூட்ஸோடு குதித்து போலீஸ்காரர்தான் ஜடையைப் பிடித்து இழுத்துப் போட்டார். மரிக்கொழுந்து பிய்ந்து அவர் கையோடு வந்தது. என்னைப் புரட்டி வயிற்றை அமுக்கியவர் கை, அங்கே நின்றது. கயிற்றை அவிழ்த்தார். உள்ளே இருந்தது மண்ணில் கொட்டியது. குப்பென்று ஒரு நாற்றம். அது சாராயம். மதுவிலக்கு இருந்த காலம். சைக்கிள்களைத் தடவிப் பார்த்த போலீஸ், சின்னப் பெண்ணின் பாவாடையைத் தடவிப் பார்ப்பதில்லை.

"அத்த ஊத்தாதீங்க சார்! அது இல்லாங்காட்டி நான் முழுகிருவேன்" என்று நான் கதறினேன்.

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் நடந்தது என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு சாராயக் கடைகளை சர்க்காரே திறந்தது. என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து மாமா இந்தக் கதையை ஒரு தமாஷாகச் சொன்னார். "இது டியூப்போட வந்தா சாராய வாசனை தெரியக்கூடாதே, அதுக்கு மரிக்கொழுந்து வெச்சது எங்க அக்கா ஐடியா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சாம்பார் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். மாலையும் கழுத்துமாக இருந்த நான், மாலையிலிருந்த மரிக்கொழுந்தை ஒவ்வொன்றாகப் பிய்த்து இலைக்கடியில் போட்டேன்.

ஆனால் ஆற்றங்கரையில், அந்தக் காலையில், எனக்கு என்ன தெரியும்? அம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். என் முன்னால் விழுந்தாள். அவள் கை என் முகத்துக்கு வரவில்லை. நேரே இடுப்புக்குப் போனது. முன்னால் தடவினாள், பின்னால் தடவினாள், ஈரப் பாவாடையைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் ஓவென்று அழுதாள்.

போலீஸ்காரர் கையில் இன்னும் அந்தப் பூ இருந்தது.

"பொண்ணு இங்க கீறா. நீ இன்னாம்மா தேடுற?" என்று கேட்டார்.

அம்மா என் ஈரப் பாவாடையைப் பிடித்தபடியே இருந்தாள். பாவம், பயத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவளுக்காக நான் பதில் சொன்னேன்.

"எனக்கு அடி கிடி பட்டுக்கீதான்னு பாக்குறாங்க சார்."